அமெரிக்கா எனக்கு வைத்திருக்கும் பாக்கி

நான் குடியிருக்கும் கட்டடத்தின் முன்னால் இருக்கிற புல்தரைக்குத் தினமும் காலையில் தானாகவே தண்ணீர் பாயும். மண்ணுக்குள்ளிருந்து சின்னச் சின்னக் குழாய்கள் தலையை நீட்டி, சுற்றிச் சுற்றி அடித்துவிட்டு மறுபடியும் உள்ளே போய்விடும். மழை பெய்தாலும் அப்படித்தான். கலிபோர்னியாவில் மழை அபூர்வம். அந்த அபூர்வமான மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, இந்தக் குழாய்களும் மும்முரமாக அடித்துக்கொண்டிருப்பதை முதல்முறை பார்த்தபோது எனக்குத் தாங்கவில்லை. கட்டட மேலாளரைத் தேடிப் போய், மழை பெய்கிறது, தண்ணீரும் பாய்கிறது என்றேன். அவர் கவலையோடு என் முகத்தைப் பார்த்து, “உங்கள் வீட்டுக்குள் வருகிறதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்படியானால் ஒன்றும் பிரச்சினை இல்லை” என்று தோளைத் தட்டி அனுப்பிவிட்டார். நான் பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு மரம் சீவ முடியாது. அப்பா வீட்டில் இருப்பார், அம்மா முகம் சுருங்கும், எங்களுக்குக் கொண்டாட்டம். ஒரு தோட்டமே வானத்தைப் பார்த்து நடந்த இடத்திலிருந்து, வானத்தைக் கண்டுகொள்ளாத ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறேன் என்று அன்றைக்குப் புரிந்தது. இதை எழுதுவது மலேசியாவில் நெகிரி செம்பிலானில் இருக்கும் நம் ஜனங்களுக்கும், என்னைப்போல் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டு வந்து எங்கோ ஓர் அறையில் மைக்ரோவேவில் சோற்றைச் சூடாக்கித் தின்கிறவர்களுக்கும்.

என் மனைவி ரூபி அங்கேதான் இருக்கிறாள். சுவா என்ற ஊருக்கு உள்ளே தள்ளி இருந்த, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக வேலை பார்த்தாள். அவளுடையது தாத்தா காலத்திலிருந்தே தோட்ட ஆபீசில் பேனா பிடித்த குடும்பம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிறிஸ்தவர்கள். நான் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டுப் பையன், சீவுகத்தி பிடித்த குடும்பம். சர்ச் பாட்டுக் குழுவில் பழகிக் கல்யாணம் செய்துகொண்டோம். கல்யாணத்தன்று எடுத்த ஒரு படத்தில்கூட அவள் அப்பா சிரிக்கவில்லை. வேலை கிடைத்து நான் கலிபோர்னியா வந்தபோது ரூபியும் கூட வந்தாள். அவளுடைய விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. காலையில் நான் போனால் சாயங்காலம்வரை அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். “இங்க எனக்குப் பேரே இல்லலா. ஒங்க வைஃபுங்கறதுதான் பேரு” என்று ஒருநாள் சொன்னாள். சண்டை போடவில்லை, அழவில்லை. பழைய வேலையைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். கொஞ்ச நாளில் நானும் வந்துவிடுகிறேன் என்று விமான நிலையத்தில் சொன்னேன், அதை அப்போது நம்பித்தான் சொன்னேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் பிரிந்திருப்பது சுலபம் என்று சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். பிள்ளை இருந்திருந்தால் அதுவாவது எங்களில் ஒருவரை இழுத்து வந்து போட்டிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

இந்த வருடம் அந்தத் தோட்டத்தை வீட்டுமனை போடும் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. ரூபிக்கு இரண்டு வழி இருந்தது. தம்பின் என்ற ஊர்ப் பக்கத்தில் பழைய முதலாளிக்கு இன்னொரு தோட்டம் உண்டு. அங்கே அதே வேலை, தனி ஆளுக்கான ஓர் அறைக் குவார்ட்டர்ஸ். அது வேண்டாமென்றால் நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிட்டு, மம்பாவில் என் அப்பா இருக்கும் தாமானிலேயே, அந்தக் குடியிருப்புப் பகுதியிலேயே, நாங்கள் இருவரும் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு குடியேறலாம். இரண்டாவது வழிக்கு நான் வேண்டும். வருகிறீர்களா இல்லையா என்று கேட்டாள். கட்டின பெண்டாட்டி கேட்கும் இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்ல வேண்டாமா? என்னால் முடியவில்லை. காரணம் ஒரு வருமான வரிக் கணக்கு. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கம்பெனியில் சம்பளத்தோடு கம்பெனியின் பங்குகளை வாங்கிக்கொள்ளும் உரிமையையும் கொடுப்பார்கள். ஸ்டாக் ஆப்ஷன் என்று பெயர். நான் சேர்ந்த காலத்து விலையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு சந்தையில் பங்கு எத்தனை மடங்கு ஏறினாலும் எனக்குப் பழைய விலைதான். ஏறவும் செய்தது, எவ்வளவோ ஏறியது. ஒரு வருடத்தின் நடுவில், ஊரில் வீடு வாங்கச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் போட்டு, எனக்குரிய பங்குகள் முழுவதையும் பழைய விலைக்கு வாங்கிக்கொண்டேன். வாங்கிய அன்றைக்குச் சாதாரண வருமான வரி ஒன்றும் கிடையாது. அதுவரைக்கும் சந்தோஷம்தான். ஆனால் இந்த நாட்டில் வருமான வரிக்குப் பின்னால் இன்னொரு வரி ஒளிந்திருக்கிறது. ஆல்டர்நேட்டிவ் மினிமம் டேக்ஸ் என்பார்கள். ஒரே மனிதனுக்கு இரண்டு விதமாகக் கணக்குப் போட்டு, எது அதிகமோ அதைக் கட்டச் சொல்லும் ஏற்பாடு. வாங்கிய பங்கை அந்த வருடம் டிசம்பர் முடிவதற்குள் விற்றுவிட்டால் இரண்டாவது கணக்கு அதைத் தொடாது. கையில் வந்த லாபத்துக்குச் சம்பளத்துக்குக் கட்டுவதுபோல் கட்டிவிட்டுப் போகலாம். விற்காமல் வருடத்தைத் தாண்டிவிட்டால், வாங்கிய அன்றைக்குப் பழைய விலைக்கும் சந்தை விலைக்கும் இருந்த வித்தியாசம் முழுவதையும் அது உன் வருமானம் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு காசைக்கூட நீ கண்ணால் பார்த்திருக்க மாட்டாய். அதற்கு வரி. அதே சமயம், ஒரு வருடத்துக்குமேல் வைத்திருந்து விற்றால் லாபத்தின் மேல் வரி குறைவு என்று ஆசையும் காட்டுவார்கள். ஊரில் சாதாரண ஜனங்கள் பங்கு விற்றால் யாரும் வந்து வரி கேட்பதில்லை. அதனால் இதெல்லாம் எனக்குத் தலைக்குள் போனதே தவிர, மனசுக்குள் போகவில்லை.

மனசுக்குள் வேறொன்று இருந்தது. நான் இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது சுவா பக்கத்தில் இருந்த எங்கள் பால்மரத் தோட்டம் கைமாறியது. புதிய முதலாளிக்கு மரமும் வேண்டாம், மரம் சீவுகிற ஆளும் வேண்டாம், நிலம் மட்டும் வேண்டும். ஆளுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து, கையெழுத்தைப் போட்டுவிட்டு லயத்தைக் காலி செய்யுங்கள் என்றார்கள். முதல் மாதமே பாதிப் பேர் போய்விட்டார்கள். லோரியில் அலமாரியையும் கோழிக்கூண்டையும் ஏற்றிக்கொண்டு போகிறவர்களை நாங்கள் சாலைவரை ஓடி வழியனுப்பினோம். அப்பா அசையவில்லை. இத்தனை வருடம் உழைத்ததற்கு வீடு வேண்டும், வீடு இல்லாமல் கையெழுத்து இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். முதலில் மின்சாரத்தை வெட்டினார்கள். பிறகு தண்ணீர். அம்மா பெரிய சாலையோரம் இருந்த மலாய்க்காரர் வீட்டுக் குழாயில் கேட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்தார். கடைசியில் லயத்தில் நாங்களும் இன்னும் இரண்டு குடும்பமும்தான் மிச்சம். பக்கத்து வீடுகளின் கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், மழை பெய்தால் காலி அறைகளுக்குள் பெய்யும் சத்தம் எங்களுக்குக் கேட்கும். என்ன பேச்சுவார்த்தை நடந்ததோ, யார் வந்து பேசினார்களோ, மம்பாவில் மலிவு விலை வீடு ஒன்றின் சாவி அப்பா கைக்கு வந்தது. முதலிலேயே பணம் வாங்கிக்கொண்டு போனவர்கள் பல வருடம் வாடகை வீடு மாறி மாறி அலைந்தார்கள். எங்கள் குடும்பத்தில் அன்றிலிருந்து ஒரே பாடம்தான். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. கொடுக்கிறேன் என்றால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அம்மா அந்தப் புது வீட்டில் ரொம்ப நாள் உயிரோடு இருக்கவில்லை.

நான் பங்கு வாங்கிய அந்த வருட டிசம்பரில் கம்பெனியில் எல்லோரும் இதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த சீனாக்காரர், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்பே விற்றுவிட்டு ஒரு கார் வாங்கினார். ரூபி தொலைபேசியில் கேட்டாள்.

“எல்லாரும் விக்கிறாங்கன்னு சொல்றீங்க. நீங்களும் வித்துட்டு வந்துருங்களேன்.”

“இன்னும் ஏறும்லா. இப்ப வித்தா பாதி வரியிலயே போயிரும். ஒரு வருசம் புடிச்சு வெச்சா நல்லது.”

“நல்லது யாருக்கு?”

இதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சிரித்து மழுப்பியிருப்பேன். அமெரிக்கக் கம்பெனிப் பங்கை அமெரிக்கச் சட்டப்படி விற்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு, சுவா லயத்தில் வெளிச்சமில்லாத வீட்டில் உட்கார்ந்திருந்த ஒருவரின் பிள்ளையாக நான் முடிவெடுத்தேன். எல்லோரும் லோரியில் ஏறும்போது நாம் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பொருளாதாரம். வருடம் தாண்டியது. பிப்ரவரியில் கம்பெனியின் கணக்கு சரியில்லை என்று செய்தி வந்து, பங்கு மளமளவென்று சரிந்து மூன்றில் ஒரு பாக விலைக்கு வந்து நின்றது. விலைதான் சரிந்ததே ஒழிய, நான் வாங்கிய அன்றைக்கு இருந்த உச்ச விலை வரிக் கணக்கில் அப்படியே இருந்தது.

சலவைக் கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவில் லிண்டா என்ற அம்மாளின் அலுவலகம். வரிக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர், நல்ல மனுஷி, நான் போனால் ஒரு டோனட்டைப் பாதியாக வெட்டிக் காகிதத்தில் வைத்து நீட்டுவார். அந்த மார்ச்சில் என் கணக்கைப் போட்டு முடித்துவிட்டு, டோனட்டை முழுசாகவே கொடுத்தார். வரியைக் கட்ட வேண்டுமென்றால் கையிலிருந்த பங்குகள் எல்லாவற்றையும் விற்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஏப்ரலில் விற்றேன். விற்றது, வரி கட்டச் சரியாகப் போனது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. விற்றபோது, நான் உண்மையில் கொடுத்த பழைய விலையை வைத்துப் பார்க்கும் கணக்கில் எனக்குக் கொஞ்சம் லாபம். அந்த இன்னொரு வரியின் கணக்கிலோ, ஏற்கெனவே வரி போட்ட உச்ச விலைதான் நான் வாங்கிய விலை. ஆகவே பெரிய நஷ்டம். ஒரே ஆள், ஒரே பங்கு, ஒரே நாளில் விற்றது. ஒரு கணக்கில் சம்பாதித்தவன், மற்றதில் போண்டியானவன். இரண்டும் சரி என்று லிண்டா சொன்னார்.

“நல்ல செய்தியும் இருக்கிறது” என்றார். “இந்த வரியை அரசாங்கம் உங்களிடம் முன்கூட்டி வாங்கிக்கொண்டதாகத்தான் கணக்கு. அது உங்கள் பெயரில் வரவாக நிற்கும்.”

“எப்போது திருப்பித் தருவார்கள்?”

“கையில் தரமாட்டார்கள். வரும் வருடங்களில் உங்கள் சாதாரண வரி அந்த இன்னொரு வரியைவிட எவ்வளவு அதிகமோ, அந்த அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்வார்கள்.”

“நான் வீட்டுக்குப் போய்விட்டால்?”

“தாராளமாக. வீட்டிலிருந்தே செய்யலாம். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில்தானே.”

“மலேசியாவுக்கு” என்றேன்.

லிண்டா கண்ணாடியைக் கழற்றினார். “அங்கே போனபிறகு உங்களுக்கு அமெரிக்காவில் வருமானம் இருக்குமா?” இருக்காது என்றேன். “வருமானம் இல்லையென்றால் வரி இல்லை. வரி இல்லையென்றால் எதில் கழிப்பது?” என்று கேட்டுவிட்டு, என் முகம் போன போக்கைப் பார்த்து அவசரமாக, “ஆனால் கவலைப்படாதீர்கள், அந்த வரவு காலாவதியே ஆகாது” என்றார். எனக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் அந்த அம்மாள் நினைத்தார்.

வெளியே வந்து காருக்குள் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பெற்றவர்கள் வழியில் என் முன்னோர், ஆள் சேர்க்க வந்த கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு கப்பலேறியவர்கள். அந்தக் கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டு நகர முடியாது. நகர்ந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்த கதைகளை லயத்தில் கேட்டிருக்கிறேன். எனக்குக் கடன் இல்லை. என்னை யாரும் பிடித்து வைக்கவில்லை. இந்த நாடுதான் எனக்குப் பாக்கி வைத்திருக்கிறது. அதை வசூலிக்க வேண்டுமானால் நான் இங்கேயே இருந்து, இங்கேயே சம்பாதித்து, இங்கேயே வரி கட்டிக்கொண்டிருக்க வேண்டும். போய்விட்டால், ஊரில் வீடு வாங்கச் சேர்த்ததெல்லாம் ஒரு அரசாங்கக் கணக்கில் காலாவதியாகாமல் சும்மா கிடக்கும். அன்றைக்கு எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. யார்மேல் ஆத்திரப்படுவது என்று தெரியாததால் டோனட்டைத் தின்றேன்.

அதன்பிறகு ஒவ்வொரு வசந்தகாலமும் லிண்டாவிடம் போகிறேன். கொஞ்சம் கழிகிறது. இன்னும் பாதிகூடக் கழியவில்லை. இங்கே என் நாட்களில் சொல்லும்படி ஒன்றுமில்லை. வேலை, அறை, சனிக்கிழமை துணி துவைப்பு. பேச்சுத் துணைக்கு யாருமில்லாமல் சமைக்கும்போது நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன், உப்பு போட்டாச்சு, அடுப்பைக் குறைச்சாச்சு என்று. ரூபியோடு பேசும்போது அவளுக்குக் காலை, எனக்குச் சாயங்காலம். அவள் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டே பேசுவாள், அவள் தலை வாருவதையும் பையில் டிபன் பெட்டியைத் திணிப்பதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லாம் பேசி முடிக்கும்முன் அவளுக்கு நேரமாகிவிடும்.

ரூபி வேலை பார்த்த தோட்டம் விலைபோன செய்தி வந்ததும் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். செம்பனை வரிசைகளுக்கு நடுவே சிவப்புத் தலை வைத்த அளவுக் குச்சிகளை நட்டிருந்தார்கள். வங்காளதேசத்துத் தொழிலாளர்களை ஏற்கெனவே வேறு தோட்டத்துக்கு அனுப்பியாயிற்று. பழம் வெட்ட ஆளில்லாமல் குலைகள் பழுத்து உதிர்ந்து கிடந்தன. ரூபி தன் குவார்ட்டர்ஸில் சாமான்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அலமாரியை, வேலையாட்களை மேற்பார்க்கும் இந்தோனேசிய மண்டோரின் மனைவிக்குக் கொடுத்துவிட்டாள். எங்கள் கல்யாணத்துக்கு வந்த கண்ணாடித் தட்டுகளைச் சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டாள். ஒரு சாமானைக் கையில் எடுத்து ஒருமுறை பார்ப்பாள். பிறகு அதைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். விட்டுவிடத் தெரிந்தவள். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

மம்பாவுக்கு அப்பாவைப் பார்க்கப் போனோம். அமெரிக்க அரசாங்கமே தன் பிள்ளைக்குப் பணம் தரவேண்டியிருக்கிறது என்று அவர் தாமான் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். எதிர்வீட்டுச் சீனர்கூட என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று யோசிப்பதாக மெதுவாகச் சொன்னேன். அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“விட்டுட்டு வரதா? எவன்டா நம்ம காச விட்டுட்டு வருவான்? அவன் வெச்சிருக்கறது ஒன் காசு. வாங்காம நகராத. நான் லைட்டு இல்லாம, தண்ணி இல்லாம ஒக்காந்து வாங்கன வீடுடா இது.”

ரூபி உள்ளே தேநீர் கலக்கிக்கொண்டிருந்தாள். எப்போதும் மாமனார் பேச்சுக்கு நடுவில் வராதவள், கோப்பையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுக்கும்போது அமைதியாகச் சொன்னாள்.

“ஒக்காந்திருந்தது நீங்க, மாமா. தண்ணி சொமந்தது அத்தை.”

அப்பா கோப்பையை வாங்கிக்கொண்டார். அவருக்குக் கோபம் வரும் என்று நான் பயந்தேன், வரவில்லை. தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, சீனி பத்தலை என்றார். அம்மாவின் தோளில் வாளிக்கம்பு பட்டுக் கறுத்திருந்த இடம் எனக்கு நினைவுக்கு வந்தது. உட்கார்ந்திருந்த அப்பாவை நாங்கள் ஊரெல்லாம் கொண்டாடினோம். அம்மா சாலைக்கும் லயத்துக்கும் நடந்ததைப் பற்றி யாரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. காரில் திரும்பினோம்.

“எத்தன வருசத்துல அது கழியும்?” என்று ரூபி சாலையைப் பார்த்தபடி கேட்டாள். ஓட்டிக்கொண்டிருந்தது அவள்தான்.

“சொல்ல முடியாதுலா. சம்பளத்தப் பொறுத்து இருக்கு. அஞ்சாறு வருசம் ஆகலாம். சட்டம் மாறினா வேற மாதிரி ஆகும்.”

“சரி. திங்கக்கெழம நான் மேனேஜர்கிட்ட சொல்லியாகணும். தம்பின்னா தம்பின், இல்லன்னா இல்ல. ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சு சாப்புட ஒக்கார்றதுக்குள்ள சொல்லிருங்க. எதுவா இருந்தாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன். சொல்லாம மட்டும் போயிராதீங்க.”

அவள் கெஞ்சியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைவரை இருந்த மூன்று நாளும் குவார்ட்டர்ஸைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். வருகிறேன் என்று சொல்லப் பல தடவை வாயெடுத்தேன். அப்போதெல்லாம் லிண்டாவின் மேசையில் இருக்கும் அந்த எண் கண்முன் வரும். எங்கள் வீடு, எங்கள் வருடங்கள் எல்லாம் அந்த எண்ணுக்குள் கிடக்கிறபோது, அதைத் தெரிந்தே கைவிட எனக்கு மனசு வரவில்லை. இன்னும் கொஞ்ச காலம் என்று சொல்லவும் பல தடவை வாயெடுத்தேன். அப்போது பாதி காலியான அந்த அறையில், கட்டிலில் உட்கார்ந்து துணி மடிக்கும் ரூபியின் முதுகு தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை சட்டையை மாட்டும்போதும் எனக்கு இரண்டு பக்கமும் ஒரே கனமாகத்தான் இருந்தது.

சுவா சர்ச் சின்னது. மின்விசிறிகள் சத்தம் போடும், பெஞ்சுகள் பழசு. தோட்டத்தை விட்டு நகரத்துக்குப் போனவர்கள் சிலர் இன்னும் காரில் வந்து போகிறார்கள். ஜெபம் நடத்துகிற ஞானமணி அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பழைய மண்டோர், என்னைச் சிறு வயதிலிருந்து தெரிந்தவர். “வாய்யா தேவராஜ், எப்ப வந்த? எளச்சிட்டியே” என்று என் கையைப் பிடித்து விடாமல் குலுக்கினார். ரூபியும் நானும் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தோம். பாட்டு முடிந்து சபைக்கான ஜெபம் வந்தது. அண்ணன் கண்களை மூடிக்கொண்டு, வாரா வாரம் சொல்லும் வரிசையில் சொல்லிக்கொண்டே போனார். ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்கள், துக்க வீட்டார், வேலை தேடும் வாலிபர்கள்.

“எங்களோடு இல்லாமல் தூர தேசத்தில் இருக்கிற எங்கள் சகோதரன் தேவராஜுக்காக ஜெபிக்கிறோம், ஆண்டவரே. அவருடைய தனிமையில் துணையாயிரும். ஏற்ற வேளையில் அவரை வீடு கொண்டுவந்து சேர்த்தருளும்.”

நான் அவருக்கு நேர் எதிரே இருந்தேன். கொஞ்ச நேரம் முன்பு அவர் பிடித்த கை என் மடியில் இருந்தது. யாரும் கண்ணைத் திறக்கவில்லை, யாரும் இருமவில்லை, ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை. என் பெயருக்கு அங்கே ஓர் இடம் இருந்தது, நான் இல்லாத இடம், பல வருடமாக ஒழுங்காகக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். எல்லோரும் ஆமென் என்றார்கள். ரூபியும் சொன்னாள், பழகிய குரலில். சொன்ன பிறகுதான் நான் பக்கத்தில் இருப்பது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்குள் என் வாயிலிருந்தும் அது வந்துவிட்டிருந்தது.

மத்தியானம் கோழிக்குழம்பும் சோறும் பரிமாறினாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். நான் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய்த் தம்பின் என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த வாரக் கடைசியில் நான் விமானம் ஏறினேன். இப்போது அவள் தம்பினில், ஓர் அறையில் இருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் ரயில் சத்தம் கேட்கிறது என்றாள். ஞாயிற்றுக்கிழமை அங்கேயே ஒரு சர்ச்சுக்குப் போகிறாள், சுவாவுக்குப் போக நேரம் வாய்ப்பதில்லை.

சுவா சபையின் ஜெபத்தைப் பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். அங்கே ஞாயிறு காலை முடியும்போது எனக்குச் சனிக்கிழமை இரவு. சலவை இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து காதில் வைத்துக் கேட்பேன். ஞானமணி அண்ணன் வரிசை தவறாமல் சொல்கிறார். தூர தேசத்தில் இருக்கிற சகோதரன் தேவராஜ், தம்பினுக்குப் போயிருக்கிற சகோதரி ரூபி. அடுத்தடுத்து, ஒரே மூச்சில். நாங்கள் இருவரும் சேர்ந்திருக்கும் இடம் இப்போது அது ஒன்றுதான்.